காயத்தைக் கேட்காதீர்கள், கடனைக் கேளுங்கள்

கதை எழுத ஆசைப்பட்டு வருகிறவர்களின் கையில் இப்போது முதலில் கொடுக்கப்படுவது ஒரு படிவம். உன் நாயகனின் வயது, உயரம், பிடித்த நிறம், பயம், கனவு என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். கடைசியில் பெரிய கேள்விகள் வரும். அவனுக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? சிறுவயதில் பட்டு இன்னும் ஆறாமல் இருக்கும் காயம் எது? கதை முடியும்போது அவன் எப்படி மாறியிருக்கிறான்? இவற்றுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டால் பாத்திரம் தயார், இனி அது தானே நடக்கும் என்கிறார்கள். கோடம்பாக்கத்து உதவி இயக்குநர்களின் அறைகளில் புழங்கிய இந்தப் படிவம் வார இறுதிப் பயிலரங்குகளுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஏறி, இன்று எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோவில் வரை வந்துவிட்டது. என்னிடம் கதை கொண்டுவரும் பிள்ளைகள் முதலில் படிவத்தைத்தான் காட்டுகிறார்கள். கதை அதன் அடியில் இருக்கிறது.

இந்தக் கொள்கை தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொடக்கநிலைக்குச் சரி, பிறகு தாண்டிப் போக வேண்டும் என்ற சமாதானமும் எனக்கு ஏற்பில்லை. தொடக்கத்திலேயே தவறான திசையில் நிறுத்தப்பட்டவர், நடக்க நடக்க ஊரைவிட்டு விலகித்தான் போவார். புனைவில் ஒரு மனிதர் உயிர்பெறுவது அவருக்குள் ஒளித்துவைத்த ரகசியத்தால் நடப்பதில்லை. அடுத்தவரோடு அவருக்கு இருக்கும் கொடுக்கல் வாங்கலில் நடக்கிறது. யாரிடம் வாங்கியிருக்கிறார், யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் எதிரில் உட்கார மாட்டார், யாரிடம் பொய் சொன்னால் அன்றிரவு தூக்கம் வராது. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அந்தப் படிவத்தில் கிடையாது.

படிவம் எங்கே பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாயோஷ் எக்ரி 1946-ல் நாடகாசிரியர்களுக்காக எழுதிய நூலில் உடல், சமூகம், மனம் என்று மூன்று தலைப்பில் பாத்திரத்தின் விவரங்களைப் பட்டியலிடச் சொன்னார். ஜோசப் கேம்பெல் 1949-ல் உலகப் புராண நாயகர்கள் அனைவரையும் ஒரே பயணத்துக்குள் அடக்கினார். 1979-ல் சிட் ஃபீல்ட் திரைக்கதைக்கு ஒரு கையேடு எழுதினார்; அதன் பிறகு ஹாலிவுட்டில் அதுவே தொழில்முறை ஆனது. இரண்டு மணி நேரத்துக்குள், இருட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு, ஒருவனை அறிமுகப்படுத்தி, அவன் பக்கம் சாய வைத்து, நிறைவோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொழிலுக்கு அந்தக் கருவிகள் பொருந்தும். அந்தத் தொழிலை நான் குறைசொல்லவில்லை. அங்கே செய்த கருவியைச் சிறுகதைக்கும் நாவலுக்கும் இலக்கண நூலாக ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

நம்மிடமே ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஒரே பெண், ஒரே மழை நாள், ஒரே கார், ஒரே கொடுமை. இரண்டு தடவை எழுதப்பட்டது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்த அம்மா முதலில் அதிர்கிறாள், பதறுகிறாள், கோபப்படுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அதோடு முடிகிறது. தமிழகமே ரெண்டுபட்டது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கும், இதைவிட வேறென்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் இடையே பல மாதம் சண்டை நடந்தது.

பிறகு ஜெயகாந்தன் அதே பெண்ணை எடுத்து நாவல் எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற பெயரில் நூலாகி, 1972-க்கான சாகித்ய அகாதெமி விருதையும் பெற்றது. இந்தத் தடவை அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. அடித்துக்கொண்டு அழுகிறாள், குடித்தனக்காரர்கள் காதில் விழுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா படிக்க வைக்கிறார். படிக்க வைத்ததற்கான கூலியை அவர் கண்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நாவலில் கங்கா என்று பெயர் பெறும் அவள் படித்து, அரசு வேலையில் உயர்ந்து, யாரையும் அண்டவிடாத பெண்ணாக நிற்கிறாள். எங்கோ ஒரு பத்திரிகையில் ‘அக்னிப் பிரவேச’த்தைப் படித்து, இது என் கதையல்லவா, ஆனால் என் அம்மா இப்படிச் செய்யவில்லையே என்று கலங்குகிறாள்.

படிவக்காரர்கள் இந்த இரண்டு பெண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். காயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வயது, சாதி, வறுமை, படிப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களுடைய படிவத்தை நிரப்பினால் இரண்டு தாளிலும் ஒரே பதில்கள் வரும். ஆனால் ஒருத்தி சிறுகதையின் முடிவில் உடை மாற்றிக்கொண்டு படிப்பைத் தொடரப் போகிறவள். இன்னொருத்தி பன்னிரண்டு வருடம் கழித்தும் அந்தக் காரிலிருந்து இறங்காதவள். இருவரையும் பிரித்த ஒரே சங்கதி, எதிரில் நின்ற அம்மா. பாத்திரத்துக்குள் எதையும் தொடாமல், பக்கத்தில் நின்ற ஆளை மாற்றி ஜெயகாந்தன் வேறொரு மனுஷியை உண்டாக்கினார். மாமா போடும் சவாலும் அப்படித்தான். அவன் யார் என்று கண்டுபிடித்துக் கூட்டிவா பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் கங்கா அன்று காரில் ஏற்றிக்கொண்ட பிரபுவைத் தேடியே போயிருக்க மாட்டாள். அவளுடைய ஆசை அவளுக்குள் ஊறியது அல்ல. அவரை எதிர்த்து எழுந்தது.

இது ஜெயகாந்தன் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. நம் மொழியில் மனிதர்களை எழுதத் தொடங்கியதே இப்படித்தான். அகப்பாடல்களில் யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. பெயரே கிடையாது என்றால் பின்கதை எங்கே இருக்கும்? தலைவி என்ன படித்தாள், தோழிக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது, செவிலிக்குப் பிடித்த நிறம் எது என்று ஒரு புலவரும் கவலைப்படவில்லை. அவர்கள் கவலைப்பட்டது கூற்றைப் பற்றி. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அது யார் காதில் விழ வேண்டும் என்று பேசுகிறார். தலைவன் வேலிக்கு வெளியே மறைந்து நிற்பான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் அவன் காதில் போடுவாள். சிறைப்புறம் என்று அதற்குத் துறையே வகுத்து வைத்தார்கள். முன்னால் நிற்பவளிடம் சொல்லி, மறைந்து நிற்பவனைச் சுடுவது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு எழுதப்பட்ட அந்தத் தோழி இன்றும் நம் எதிரில் வந்து நிற்கிறாள் என்றால், அவள் பேச்சு எங்கே போய்த் தைக்கிறது என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

அந்தத் தோழியை நான் செங்கல்பட்டு லோக்கலில் பார்த்திருக்கிறேன். காலை நேரத்துப் பெண்கள் பெட்டி. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் தாம்பரம் வரை ஒரே முகங்கள்தான். சீட்டு நடத்தும் ஓர் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் இரண்டு தவணை பாக்கி. அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், “இந்த மாசம் எல்லாரும் தேதிக்கே கொடுத்துட்டாங்கம்மா. கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? ஆனா சொல் முக்கியம்னு நெனைக்கிறாங்க பாரு” என்றார். பூக்கட்டும் கை நிற்கவில்லை. முடிச்சு மட்டும் இறுகி விழத் தொடங்கியது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் அந்தப் பெண் தலை நிமிராமலே, “அக்கா, மாமியாருக்குக் கால் வீக்கம் எறங்கிருச்சா?” என்று கேட்டாள். பாக்கி இருப்பது எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக் கஷ்டமும் எனக்குத் தெரியும், என்னை இத்தனை பேர் முன்னால் நிறுத்தாதீர்கள் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அக்காவும் புரிந்துகொண்டார். வண்டலூர் வரை மாமியாரின் காலைப் பற்றியே பேசினார்கள்.

இந்த இரண்டு பெண்களின் பால்யம் எனக்குத் தெரியாது. அவர்களுடைய நீண்டநாள் கனவு தெரியாது. தெரிந்தால் அவர்கள் எனக்கு இதைவிடத் துலக்கமாகத் தெரிவார்கள் என்று நான் நம்பவில்லை.

அடுத்ததாக மாற்றம். பாத்திரம் மாறியே ஆக வேண்டும், மாறாதது தட்டையானது என்கிறார்கள். 1927-ல் இ. எம். ஃபார்ஸ்டர் தட்டைப் பாத்திரம், முழுப் பாத்திரம் என்று பிரித்தபோதுகூடத் தட்டைப் பாத்திரங்களைக் கேவலமாகச் சொல்லவில்லை. அவற்றுக்கும் ஒரு நாவலில் இடமுண்டு என்றார். நம் பயிலரங்குகளில் மட்டும் அது வசைச் சொல்லாகிவிட்டது. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டிராமில் போய் மிஞ்சும் காசில் வெற்றிலை போட்டுக்கொள்வதா, பஸ்ஸில் திருவல்லிக்கேணிக்குப் போய் அரைக் கப் காபி குடிப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதர். அவரிடம் கடவுளே வந்து சேர்கிறார். அவரோடு காபி குடித்து, வீட்டுக்கும் கூட்டிப்போகிறார் பிள்ளை. தெய்வம் வந்து போன பிறகாவது அந்த மனிதர் மாற வேண்டாமா? படிவத்தின்படி கட்டாயம் மாறியிருக்க வேண்டும். அவர் மாறவில்லை. வரம் கேட்கவில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். கடவுளோடும் வரவு செலவு வைத்துக்கொண்ட அந்த மனிதர் மாறியிருந்தால் கதை செத்திருக்கும். கடவுளுக்கே இந்த ஊரில் பிழைக்கத் தெரியவில்லை என்பது, பிள்ளை அசையாமல் நிற்பதால்தான் நமக்குத் தெரியவருகிறது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தது. அதில் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி, தலித் காலனிக்குத் துணி வெளுப்பவள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்று தமிழ் வாசகனுக்குக் காட்டிய நாவல் அது. ஆரோக்கியத்தின் வாழ்க்கை முழுவதும் கொடுக்கல் வாங்கல்தான். அறுவடையில் களத்துமேட்டில் அவளுக்கு எத்தனை மரக்கால், இரவில் எந்த வீட்டில் சோறு, சாவில் எது அவளுடைய உரிமை, பிறப்பில் எது அவளுடைய வேலை. ஆண்டுகள் போகின்றன. ஊருக்குள் தையல்காரர் வருகிறார், சலவைக் கடை வருகிறது, பிள்ளைகள் பிரிகிறார்கள், களத்தில் கை குறைகிறது. அவள் மட்டும் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு, இது என் சனம், என்னைக் கைவிடாது என்று நிற்கிறாள். மாறுவது ஊர். மாறாமல் நிற்கும் அவள் மீது மோதித்தான் அந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இவளுக்குப் பயிலரங்கில் என்ன சொல்லியிருப்பார்கள்? இறுதி அத்தியாயத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி நகரத்தில் கடை போடச் சொல்லியிருப்பார்கள். தமிழ் நாவலின் மகத்தான பெண்களில் ஒருத்தி ஒரு விளம்பரப் படத்து நாயகியாக முடிந்திருப்பாள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாற்றமே மனிதனுக்கு இலக்கணம் என்று சொல்வது வெறும் உத்தி சார்ந்த யோசனை அல்ல. தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்களைப் பற்றி எழுதப்பட்ட இலக்கணம் அது. எங்கள் ஊர் வழியே போகும் ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் வாழ்கிற ஜனங்களில் பாதிப்பேர் மாறாமல் இருப்பதற்கே தினமும் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். வாடகை ஏறாமல் இருக்க, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறாமல் இருக்க, அடகு வைத்த தாலிச் சங்கிலி ஏலத்துக்குப் போகாமல் இருக்க. இவர்கள் அத்தனை பேரையும் தட்டை என்று தள்ளுகிற கோட்பாடு இவர்களைப் பார்க்கவே இல்லை.

காயத்தின் சங்கதி இதைவிட மோசம். ஒரு பெண் துணிச்சலாகப் பேசினால் அவளுக்குப் பின்னால் ஒரு பாலியல் வன்முறை வைக்கப்படுகிறது. ஒருவன் முரடனாக இருந்தால் அவன் அப்பா குடிகாரர். ஒருவன் நேர்மையாக இருந்தால் சிறுவயதில் அவன் கண் முன்னால் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. குணம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே வடுதான் என்றாகிவிட்டது. நிஜ வாழ்க்கையில் அந்தக் கொடுமைகளுக்கு ஆளானவர்களின் வேதனை இந்தக் கதைகளில் எரிபொருளாக ஊற்றப்படுகிறது. இரண்டு பத்தி எரிகிறது, அதோடு சரி. நான் படித்த கையெழுத்துப் பிரதிகளில், இப்படி வைக்கப்பட்ட வன்முறையைப் பற்றி அந்தக் கதைக்கே உண்மையான அக்கறை இருந்ததை அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

தி. ஜானகிராமன் இந்தச் சுலபத்தை மறுத்தவர். ‘அம்மா வந்தாள்’ நாவலின் அலங்காரத்தம்மாள் ஏன் அப்படி வாழ்ந்தாள்? நாவல் எந்தக் காயத்தையும் எடுத்து நம் கையில் கொடுக்கவில்லை. அவள் மகனை வேத பாடசாலைக்கு அனுப்பியது எதற்காக என்று சொல்கிறது. கணவர் தண்டபாணி எல்லாம் தெரிந்தும் எப்படி ஒரே வீட்டில் இருக்கிறார் என்று காட்டுகிறது. அப்பு அம்மாவை எப்படிப் பார்க்கிறான், அந்தப் பார்வையை அவள் எப்படித் தாங்குகிறாள் என்று காட்டுகிறது. மகனிடம் அவளுக்கு ஒரு பெரிய கடன் இருக்கிறது. மகனைக் கொண்டே அதைத் தீர்க்கப் பார்க்கிறாள். 1966-ல் அந்த நாவல் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, காரணம் சொல்லாமல் ஒரு பெண்ணை இவ்வளவு கம்பீரமாக நிறுத்திவிட்டார் என்பதால்தான். அவளுக்கு ஒரு பழைய துக்கத்தை வைத்திருந்தால் எல்லோரும் அவளை மன்னித்திருப்பார்கள், பிறகு மறந்தும் இருப்பார்கள்.

பூமணியின் ‘வெக்கை’யையும் வெற்றிமாறனின் ‘அசுரன்’ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1982-ல் வந்த நாவல் கொலையில் தொடங்குகிறது. பதினைந்து வயதுச் செலம்பரம் கையை மட்டும் வெட்டப் போனவன். வெட்டு வேறு இடத்தில் விழுந்து ஆள் செத்துவிடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், பேசுகிறார்கள். அண்ணனைக் கொன்றவனைத்தான் பையன் வெட்டியிருக்கிறான் என்பதும் நிலத் தகராறும் பேச்சோடு பேச்சாக வந்து சேர்கின்றன. மகன் செய்ததைத் தகப்பன் எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதுதான் நாவல். 2019-ல் வந்த படத்தில் அந்தத் தகப்பனுக்கு நீண்டதொரு இளமைக்கால முன்கதை சேர்க்கப்பட்டது. ஒரு காதல், ஒரு தீ, ஒரு சத்தியம். நாவலில் அந்த வடிவில் அது கிடையாது. படம் நல்ல படம், தியேட்டரில் நானும் கலங்கினேன். ஆனால் படத்துச் சிவசாமி ஏன் பொறுமையாக இருந்தார் என்று நமக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. நாவலின் தகப்பனுக்கு விளக்கம் கிடையாது. சட்டியில் சோறு வேகும்போது பையனைப் பார்க்கிற பார்வைதான் இருக்கிறது. முதலாமவர் நம்மை அழவைக்கிறார், இரண்டாமவர் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறார். எழுத்துக்கு மட்டுமே முடிகிற இந்த வேலையை விட்டுவிட்டு, சினிமா தன் தேவைக்குச் செய்கிற வேலையை எழுத்தாளர் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

மறுதரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் வரும் பாபு என்ன? அவனுக்கு ஆசை இருக்கிறது, தடை இருக்கிறது, அவன் மாறவும் செய்கிறான். உலகம் முழுக்க ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ரஸ்கோல்னிகோவ் முதல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பாபுவின் ஆசை மட்டும் தனியாக நின்றிருந்தால் அது ஒரு வாலிபனின் ஏக்கம். ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும் ஏக்கம். யமுனா அவன் குடும்பத்துக்கு வேண்டிய வீட்டுப் பெண், அவனைவிட மூத்தவள், அவன் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து தெரிந்தவள். அந்த வீடு நொடிந்துபோகும்போது கூடவே நின்று பார்த்தவன் அவன். ஒரு பக்கம் சங்கீத குரு ரங்கண்ணா, இன்னொரு பக்கம் தன்னை நம்பும் அப்பா. இத்தனை பேரிடம் பட்ட கடனுக்கு நடுவில் அந்த ஆசை நடக்க வழியில்லாமல் திணறுவதால்தான் நாவல் அறுநூறு பக்கத்துக்கு மேல் மூச்சுவிடுகிறது. ஆசையும் மாற்றமும் ஒரு பாத்திரத்துக்கு இருக்கலாம். அவை உறவுகளின் விளைவாக வரட்டும். விதையாக வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு வாதம், படிவம் இல்லாவிட்டால் புதியவர்கள் வெறும் அட்டை மனிதர்களை எழுதுவார்கள் என்பது. என் அனுபவம் நேர்மாறானது. படிவத்தை நிரப்பியவர்கள்தான் அட்டை மனிதர்களோடு வருகிறார்கள், அட்டையின் பின்பக்கம் மட்டும் நிறைய எழுதியிருக்கும். அறையில் உட்கார்ந்து பதில் எழுதும் பழக்கம், வெளியே போய்ப் பார்க்கும் பழக்கத்தைக் கொன்றுவிடுகிறது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார், ‘குறிஞ்சித்தேன்’ எழுத நீலகிரியின் படகர்களிடம் போனார். உப்பளத் தொழிலாளிக்குக் கூலி எப்படிக் கணக்காகிறது, யார் கையால் வருகிறது, வரும் வழியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தவருக்குப் பாத்திரத்தின் பிடித்த நிறம் தேவைப்படவில்லை.

நம் பகுதியில் அப்படிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. விடியலில் ஜிஎஸ்டி சாலையில் ஒரகடம் பிரிகிற இடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். பெர்மனென்ட் ஆட்கள் டேக்கைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். காண்ட்ராக்ட் பையன்களில் பலர் அதைப் பைக்குள் செருகியிருப்பார்கள், கம்பெனி கேட்டில்தான் எடுப்பார்கள். கயிற்றின் நிறம் வேறாக இருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? பெண் பார்க்கப் போகிற வீட்டில் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது அல்ல, பெர்மனென்டா என்பதுதான். டீக்கடையில் இருவர் சேர்ந்து குடிக்கும்போது யார் காசு கொடுக்கிறார் என்பதிலும் இது இருக்கிறது. காண்ட்ராக்ட் பையன் சில நாள் முந்திக்கொண்டு கொடுப்பான். அப்படி முந்துகிற நாளில் அவனுக்கு சூப்பர்வைசரிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும், அல்லது முந்தின நாள் அவமானப்பட்டிருப்பான். இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளர் வேலை.

மறைமலை நகர் ஆலையைப் பற்றி ஒரு தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறுவருடம் அங்கே உற்பத்தி ஓய்ந்தது. அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ஒரு சின்னப் பட்டறையில் வேலைபோன ஒருவன்தான் அவருடைய நாயகன். நல்ல இடம். முதல் வரைவில் படிவம் முழுதாக நிரம்பியிருந்தது. அப்பா குடிப்பார், அம்மா அடிவாங்குவாள், தானும் அப்பாவைப்போல் ஆகிவிடுவோமோ என்ற பயம், வேலைபோன அன்று டாஸ்மாக் வாசல்வரை போய்த் திரும்புதல், முடிவில் சொந்தமாக லேத் பட்டறை. நான்கு கேள்விக்கும் பதில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை.

அவனுக்குக் கடன் எதுவும் உண்டா என்று கேட்டேன். வீட்டு மனைக்கு வாங்கியது உண்டு என்றார். ஜாமீன் யார்? தம்பி கொஞ்சம் யோசித்து, “மச்சான்க்கா, பொண்டாட்டியோட அண்ணன். அவருதான் கையெழுத்துப் போட்டிருப்பாரு” என்றார். மச்சானுக்கு வேலைபோன விஷயம் தெரியுமா? தெரியாது, பொண்டாட்டி சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஏன் சொல்லக் கூடாது? அவர் வீட்டில் அடுத்த மாதம் கிரகப்பிரவேசம், அந்த நேரத்தில் இது வேண்டாம் என்று. அரை மணி நேரத்தில் அந்த மனிதன் எழுந்து நின்றுவிட்டான். கிரகப்பிரவேசத்துக்குச் சீர் வைக்க வேண்டும், அந்தப் பணத்துக்கு எங்கே போவான்? வங்கியிலிருந்து மச்சானுக்குப் போன் வருவதற்கு முன்னால் விழா முடிந்துவிடுமா? தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி எங்கே போய் உட்காருகிறான்? தன் வீட்டுக்காரனையும் அண்ணனையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பார்க்கும் அந்தப் பெண்தான் இந்தக் கதையிலேயே பெரிய ஆள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. குடிகார அப்பா கதையிலிருந்து தானாக வெளியேறிவிட்டார்.

இப்போது நான்காவது வரைவு நடக்கிறது. சொந்தப் பட்டறை முடிவை எடுத்துவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று மச்சான் இவன் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரக் கூப்பிடுகிறார். தம்பி அவனை உட்கார வைத்திருக்கிறார். கூப்பிட்ட பிறகு உட்காராவிட்டால் சந்தேகம் வந்துவிடும் என்கிறார். அவன் இலை போடுகிறேன் என்று சொல்லிப் பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொள்வான் என்பது என் கட்சி. சாம்பார் வாளியோடு மச்சான் இலைக்கு வரும்போது அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.